பக்கத்து வீட்டுத் தண்ணீர்

9 ஜூன் 2024, ஞாயிறு

காலையில் பிஎச் 8.2. நேற்று மாலைதான் 7.0-க்கு இறக்கி வைத்தேன். விடிவதற்குள் பழைய இடத்துக்கே ஏறி உட்கார்ந்துவிட்டது. நான்கு நாளாக இதே கதை. சாயங்காலம் நான் சொட்டுச் சொட்டாக அமிலம் விடுகிறேன், காலையில் அது என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

காரணம் எனக்குத் தெரியாததல்ல. ஆம்பூர் போர் தண்ணீரில் பைகார்பனேட் அவ்வளவு இருக்கிறது. அமிலம் விட்டாலும் பிஎச் மாறாத தாங்கல் கரைசலுக்கு வகுப்பில் நான் சொல்லிவந்த உதாரணம் குடியாத்தம் பஸ். காலி சீட் இருக்கிறவரை ஏறுகிறவர்கள் உட்கார்ந்துகொண்டே இருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு மாற்றமும் தெரியாது. சீட் தீர்ந்த பிறகு ஏறுகிற முதல் ஆள்தான் நின்றுகொண்டு கண்ணில் படுவான். என் தொட்டியில் சீட் தீரவே மாட்டேன் என்கிறது.

செடிகளின் இலைமேல் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளை. கண்ணாடியில் பாசி. கப்பி மீன் ஐந்து. அவற்றுக்கு எதுவும் ஒரு பொருட்டில்லை.

பக்கத்து வீட்டு முனீர் பாயின் தொட்டியும் இதே தெருதான், இதே நிலத்தடி நீர்தான். அங்கே சிவப்புச் செடி ஒன்று குத்துவிளக்குச் சுடர்போல நிற்கிறது. இருபத்து மூன்று நியான் மீன்கள் ஒன்றாகத் திரும்புகின்றன. அவர் டேனரியில், தோலைச் சுழற்றிப் பதப்படுத்தும் டிரம் செக்‌ஷன் சூப்பர்வைசராக இருந்தவர். எட்டாவது வரை படித்தவர். நான் எம்.எஸ்ஸி. வேதியியல், முப்பத்தொரு வருடம் மேல்நிலை வகுப்பு எடுத்து ஓய்வு பெற்றவன்.

இதை ஏன் எழுதினேன்? யாரும் கேட்கவில்லையே.

12 ஜூன், புதன்

என் மனைவி மனோரமா தினமும் மாலை ஐந்தரைக்குப் பாய் வீட்டுக்குப் போகிறாள். பாயின் மனைவி சுகரா பேகமும் அவளும் தொட்டிக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார்கள். ஏழு மணிக்குத்தான் வருகிறாள்.

"அங்க உக்காந்தா தலை லேசாயிடுதுங்க" என்றாள். சும்மா சொல்கிறாளா என்று பார்க்க, போகும்போதும் வந்ததும் பிரஷர் எடுத்தேன். போகும்போது 152/92. வந்ததும் 132/84.

இன்று போகவிடாமல் நம் தொட்டிக்கு முன்னால் முக்கால் மணி நேரம் உட்காரச் சொன்னேன். 154/92. ஒரு முறை எடுத்த அளவு முடிவாகாது என்று மாணவர்களுக்குச் சொல்வேன். மறுபடி எடுத்தேன். 156.

"போதும், கைய விடுங்க, வலிக்குது" என்றாள்.

20 ஜூன், வியாழன்

வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"மூணுக்கு ஒண்ணு சார்" என்றார் முனீர் பாய். "மூணு பக்கெட் கேன் தண்ணி, ஒரு பக்கெட் போர் தண்ணி. மேல ரெண்டு பாதாம் இலை. அந்த பாட்டில்ல சர்க்கரையும் ஈஸ்டும், செடிக்கு காத்து. அவ்ளோதான்."

"பிஎச் எவ்வளவு வைக்கிறீங்க பாய்?"

"நான் எங்க சார் வைக்கறேன், அதுவா நிக்குது. நான் செடியப் பாப்பேன். செடி நல்லாருந்தா தண்ணி நல்லாருக்கு."

இது ஒரு பதிலா? டேனரியில் தோலை வெட்டி, வெட்டின இடத்தில் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்த்தவர்தானே. அங்கே அளந்தவர் இங்கே ஏன் அளக்கவில்லை? என்னிடம் மறைக்கிறாரா? மறைக்கிற மனிதராகத் தெரியவில்லை. அதுதான் எரிச்சல்.

பைகார்பனேட் இல்லாத கேன் தண்ணீர் கலந்தால் என் தொட்டியும் சரியாகும். புத்தகமும் அதையே சொல்கிறது. ஆனால் நான் கலக்கமாட்டேன். பக்கத்துப் பெஞ்சைப் பார்த்து எழுதிய எத்தனை பேரை எழுப்பி நிற்க வைத்திருக்கிறேன்.

2 ஜூலை

8.3.

14 ஜூலை, ஞாயிறு

நான் பாய் வீட்டுக்குப் போய் மனோரமாவைக் கூப்பிட்டேன். நம் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று ஒரு காரணம். இருவரும் கண்ணாடிக்கு அருகில் குனிந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நவாப் இன்னிக்கு ஏன்க்கா தனியா நிக்கறான்?" இது சுகரா பேகம்.

"நேத்து அந்த குண்டனோட சண்டை போட்டான் இல்ல, கோவம் இன்னும் தீரல" என்றாள் மனோரமா.

ஒரு கண்ணில் வெள்ளை விழுந்த மீனுக்கு நவாப் என்று பெயராம். மற்றதெல்லாம் எனக்கு ஒரே அச்சாகத் தெரிகிறது. இவளுக்கு எதற்கு எதனோடு சண்டை என்பதுவரை தெரிகிறது. என் நிழல் கண்ணாடியில் விழுந்தும் அவள் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நம் தொட்டியைக் காட்டி, "இதுங்களுக்கும் பேர் வையேன்" என்றேன்.

"இது தொட்டியா, கீரை அலசின தண்ணியான்னு மொதல்ல முடிவு பண்ணுங்க, பேர் வைக்கறேன்."

27 ஜூலை, சனி

முனீர் பாய் சிவப்புச் செடியிலிருந்து ஆறு கிளை வெட்டி ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். நன்றி சொல்லி வாங்கினேன். அவர் போனதும் அதை நட எனக்கு மனமில்லை. பிறகு நட்டேன். இதுவரை மூன்று பழுப்பாகிவிட்டன.

கொடுக்கிறவனை வெறுப்பது எவ்வளவு சிரமம். கொடுக்காமல் இருந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

4 ஆகஸ்ட், ஞாயிறு

பாயின் மகள் ஹீனாவுக்குப் பெங்களூரில் பெண் குழந்தை. பாயும் சுகரா பேகமும் இரண்டு வாரத்துக்குக் கிளம்புகிறார்கள். வீட்டுச் சாவியைப் பாய் என்னிடம் கொடுத்தார்.

"ஒரு சிட்டிகை தீனி, ஒரு வேளை. மறந்தாக்கூட ஒண்ணும் ஆவாது. தண்ணில மட்டும் கை வைக்காதீங்க சார். சர்க்கரை பாட்டில் தீந்துட்டா தீந்துட்டுப் போவுது."

"சரி பாய். நிம்மதியா போய்ட்டு வாங்க."

மனோரமா ஐந்தரை மணிக்கு இனி வீட்டில்தான் இருப்பாள் என்ற நினைப்புதான் முதலில் வந்தது. குழந்தைக்கு வாழ்த்துச் சொன்னது அதற்குப் பிறகு.

6 ஆகஸ்ட், செவ்வாய்

காலையில் ஒரு சிட்டிகை போட்டேன். என் விரலைப் பார்த்ததும் இருபத்து மூன்றும் ஓடி வந்தன. மனம் குளிர்ந்துவிட்டது. மாலையில் மறுபடி போய் இன்னொரு சிட்டிகை போட்டேன். மறுபடி வந்தன.

மனோரமா தானும் வந்து கொஞ்ச நேரம் உட்காருவதாகச் சொன்னாள். "ஆள் இல்லாத வீட்ல போய் உக்கார்றது நல்லாவா இருக்கும்?" என்றேன்.

"நீங்க மட்டும் ரெண்டு வேளை போறீங்க."

"அது பொறுப்பு."

9 ஆகஸ்ட், வெள்ளி

மூன்று வேளை. இப்போது காலடிச் சத்தத்துக்கே வருகின்றன.

12 ஆகஸ்ட், திங்கள்

டெஸ்ட் கிட்டை எடுத்துக்கொண்டு போனேன். அவருடைய ரகசியம் என்ன எண் என்று பார்த்துவிட வேண்டும் என்பதுதான் எண்ணம், வேறொன்றுமில்லை.

பிஎச் 6.1. காலி சீட் அநேகமாகத் தீர்ந்துவிட்ட பஸ் அது. தாங்கும் சக்தி, அதாவது கார்பனேட் கடினத்தன்மை, ஒரு டிகிரிகூட இல்லை. இரண்டாவது முறை சோதித்தேன். 6.1 தான்.

உண்மையை இங்கேயாவது எழுத வேண்டும். எனக்குச் சந்தோஷம் வந்தது. முதல் மார்க் வாங்குகிற பையனின் விடைத்தாளில் ஒரு தவறு கண்ணில் பட்டால் சிவப்பு மை தானாக வேகமாக ஓடும். அந்த வேகம். ஆக, அவருடைய தண்ணீரும் சரியில்லை. இத்தனை நாளும் குருட்டு அதிர்ஷ்டம்.

இவ்வளவு அமிலத்தில் மீன்கள் இருப்பது ஆபத்து. திருத்திவிட்டேன். நம் சமையலறையிலிருந்து ஆப்பச் சோடா எடுத்துப்போய், ஒரு மேசைக்கரண்டி கரைத்து ஊற்றினேன். 6.6. இன்னொரு கரண்டி. மாலை ஐந்து மணிக்கு மிகச் சரியாக 7.0. நடுநிலை. பாய் வந்ததும் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

13 ஆகஸ்ட், செவ்வாய்

பதினொன்று செத்துவிட்டன. மற்றவை மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருக்கின்றன. பிஎச் 8.1.

எப்படி? சாயங்காலம் ஏழுதானே இருந்தது, நான் பார்த்தேனே — பாட்டிலில் சர்க்கரை தீர்ந்துபோச்சு. தண்ணியில இருந்த கரியமில வாயு ராத்திரியோட வெளிய போயிடுச்சு. அது போனா சோடா மட்டும்தானே நிக்கும். ஏறத்தானே செய்யும். இதைக் கணக்குப் போட வேணாமா? எத்தனை பரீட்சைக்கு இந்தக் கேள்வியை நானே எடுத்திருக்கேன்.

மாலை.

அம்மோனியாவைச் சோதிக்கும் சொட்டு மருந்து பெட்டியிலேயே கிடந்தது. நேற்று அதைத் திறக்கவே இல்லை. இன்று சோதித்துப் பார்த்தேன். கரும்பச்சை, அட்டையில் கடைசி நிறம். மூன்று வேளை தீனி.

பத்தாவது பையனுக்குத் தெரியும். அம்மோனியம் உப்போடு காரத்தைச் சேர்த்தால் அம்மோனியா வெளிவரும், சிவப்பு லிட்மஸ் நீலமாகும், மூக்கில் ஏறும். சோதனைக்குழாயை ஒவ்வொரு பெஞ்சாகக் கொண்டுபோய் முகரச் சொல்வேன். பாயின் அமிலத் தண்ணீரில் அந்த அழுக்கு அம்மோனியமாக, சாதுவாக, செடிகளுக்கு உணவாகக் கிடந்தது. நான் போட்ட தீனியையும் அந்தத் தண்ணீர்தான் ஒரு வாரம் தாங்கியது. அதில் போய்க் காரத்தைக் கொட்டினேன்.

இருட்டுவதற்குள் இன்னும் மூன்று. மொத்தம் பதினான்கு. பாக்கி ஒன்பது.

மனோரமாவிடம் சொல்லவில்லை.

14 ஆகஸ்ட், புதன்

வங்கியில் வேலை என்று சொல்லிவிட்டு வேலூர் போய்ப் பதினான்கு நியான் வாங்கினேன். அதே அளவு பார்த்து, ஒவ்வொன்றாகக் கைகாட்டி எடுக்கச் சொன்னேன். கடைக்காரர் கோபி, "இன்னா சார், பொண்ணு பாக்கற மாதிரி பாக்கறீங்க" என்றார்.

பஸ்ஸில் காற்றடைத்த பையை மடியில் வைத்துக்கொண்டேன். பள்ளிகொண்டாவில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தவர், பேரப்பிள்ளைக்கா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இருபத்து மூன்று கணக்குச் சரியாகிவிடும். பாய்க்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

வீட்டு வாசலில் மனோரமா நின்றிருந்தாள். கையில் பாய் வீட்டுச் சாவி. என் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்திருக்கிறாள். பையைப் பார்த்தாள்.

"எத்தினி?"

"பதினாலு."

"நவாப எங்க வாங்கினீங்க?"

பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"கண்ணுல வெள்ளை விழுந்தது. அது அந்தக் கடைல கெடச்சுதா?" குரலை உயர்த்தவில்லை. "சுகரா வந்த ஒடனே அதத்தான் தேடுவா. நான் இன்னா சொல்லட்டும்?"

எல்லாவற்றையும் சொன்னேன். தீனி, சோடா, 7.0. கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டாள்: "தெரிஞ்சு செஞ்சீங்களா, தெரியாம செஞ்சீங்களா?"

இரண்டு மதிப்பெண் வினா. கொல்ல நினைக்கவில்லை. ஆனால் அவர் தண்ணீர் தவறாக இருக்கட்டும் என்று நினைத்தேனே. அது எந்தப் பக்கம்?

15 ஆகஸ்ட், வியாழன்

அந்தத் தண்ணீரில் புது மீன் விட்டால் அதுவும் சாகும். எங்கள் தொட்டியில்தான் விட வேண்டும். அதற்குக் கேன் தண்ணீர் வேண்டும். எட்டு கேன் இறக்கினேன். இப்போது பார்த்து எழுதுவது, பக்கத்துப் பெஞ்சு என்றெல்லாம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

பாய் வீட்டில் மனோரமா சொல்லச் சொல்ல நான் செய்தேன். தினமும் பார்த்தவள் அவள்தானே. "அப்படியே கவுக்காதீங்க. அவரு தட்டு மேல ஊத்துவாரு, நூல் மாதிரி. இன்னிக்கு கால் தொட்டிக்கு மேல மாத்தாதீங்க." நான் டெஸ்ட் கிட்டை எடுத்தபோது என் கையைப் பார்த்தாள்.

17 ஆகஸ்ட், சனி

அம்மோனியா இறங்கிவிட்டது. ஒன்பதும் இருக்கின்றன. மூன்று நாளாக மாலையில் மனோரமாவும் நானும் அந்தத் தொட்டிக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறோம், அவள் ஒரு நாற்காலியில், நான் சுகரா பேகத்தின் நாற்காலியில். ஒன்பது மீனுக்கும் பெயர் சொன்னாள். கேட்டுக்கொண்டேன். எட்டு நினைவிருக்கிறது.

இரண்டு மாதமாக நான் விரும்பியது இதுதானே. இவள் பக்கத்தில், ஒரு தொட்டிக்கு முன்னால். இப்படியா வர வேண்டும்.

18 ஆகஸ்ட், ஞாயிறு

மத்தியானம் வந்தார்கள். பையை வைப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்று வாசலுக்குப் போனேன். அதற்குள் சுகரா பேகம் உள்ளே போய்விட்டார். குழந்தையின் போட்டோவை மனோரமாவுக்குக் காட்டப் போனை நீட்டியவர், தொட்டிப் பக்கம் திரும்பி நின்றுவிட்டார்.

"நவாப் எங்கக்கா?"

மனோரமா என் பக்கம் திரும்பினாள். தீனியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பாய் முழுவதும் கேட்டார்.

"எத்தினி ஸ்பூன்?"

"ரெண்டு. பெரிய ஸ்பூன்."

"ஒரே தபாவா?"

"பத்து நிமிஷத்துக்குள்ள."

"டிரம்ல சோடா விடறப்ப அர மணிக்கு ஒரு தபா, நாலஞ்சு தவணையா விடுவோம் சார். மொத்தமா கொட்னா தோலு மேல புடிச்சிக்கும், உள்ள போவாது. அப்பிடி கொட்ன ஆள நானே கேட்டுக்கு வெளிய அனுப்பிருக்கேன்." தொட்டியைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இன்னாத்துக்கு சார் போட்டீங்க? மீன் எதுனா வந்து உங்ககிட்ட கம்ப்ளைண்ட் குடுத்துச்சா?"

6.1 ஆபத்து என்று சொல்ல வாய்வரை வந்தது. புத்தகத்தில் பக்கம் எண்கூடச் சொல்ல முடியும்.

"பொறாமை, பாய்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "மீன் போனா வாங்கலாம் சார். ஊர்ல எனக்கு சொந்தக்காரங்க எத்தினி பேரு. சாவிய நான் வேற யார்ட்டயும் குடுக்கல."

சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

25 ஆகஸ்ட், ஞாயிறு

பக்கத்து வீட்டுக் கதவு சாத்தியே இருக்கிறது. தெருவில் பார்த்தால் பாய் தலையசைக்கிறார். சார் என்று கூப்பிடவில்லை.

6 செப்டம்பர், வெள்ளி

ஐந்தரைக்கு மனோரமா இப்போது நம் தொட்டிக்கு முன்னால் உட்காருகிறாள். கேன் தண்ணீர் ஒத்துக்கொண்டுவிட்டது. பாசி போய்விட்டது. பதினான்கு நியானில் பன்னிரண்டு தங்கிவிட்டன. நீலக்கோடு நன்றாகத் துலங்குகிறது. பாயின் தொட்டிக்கு இன்று இது குறைந்ததில்லை.

அவள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அவரைக்காய் உரிக்கிறாள். நிமிர்ந்து பார்ப்பதில்லை.

"அங்க வேணும்னா போய்ட்டு வாயேன்" என்றேன்.

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு?"

பிரஷர் கருவியை எடுத்து அலமாரியில் போட்டுப் பூட்டிவிட்டேன்.

22 செப்டம்பர், ஞாயிறு

பன்னிரண்டையும் பிடித்தேன். வலை வைத்துத் துரத்தாமல், தீனி காட்டி, ஒரு மணி நேரம். பையில் கட்டிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டு மணியை அடித்தேன். பாய்தான் திறந்தார்.

"இது நவாபுக்குப் பதில் இல்ல பாய். அது எனக்குத் தெரியும்" என்றேன்.

பையை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "நல்லா வச்சிருக்கீங்களே. எந்த தண்ணில?"

"மூணுக்கு ஒண்ணு."

அவர் மீசைக்குள் என்னவோ நடந்தது. "அப்ப உங்க தொட்டி காலியாவுதே சார்."

"கப்பி அஞ்சு இருக்கு."

பையைத் தொட்டியில் மிதக்கவிட்டார். கால்மணிக்கு ஒரு முறை ஒரு டம்ளர் தண்ணீர் பைக்குள் விட்டார். ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரமும் நான் நின்றுகொண்டேதான் இருந்தேன். உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. முடிகிற நேரத்தில் சுகரா பேகம் அடுப்படியிலிருந்து வந்தார்.

"மனோக்கா ஏன் வர்றதில்ல? மீன கொன்னது அவங்களா?"

"இல்லம்மா. நான்."

"அப்ப நீங்க வீட்ல இருங்க, அவங்கள அனுப்புங்க. பேத்தி போட்டோ நாப்பது வந்துருக்குது, காட்ட ஆளில்ல."

4 அக்டோபர், வெள்ளி

தொழுகை முடிந்து வருகிற வழியில் பாய் வாசலில் நின்றார். "சார், உங்க டெஸ்ட் பொட்டி சும்மாதான இருக்குது? வாரத்துல ஒரு நாளு வந்து பாத்து ஒரு நோட்ல எழுதி வச்சிடுங்க. எனக்கும் நம்பர் தெரிஞ்சா நல்லதுதான்."

நான் நம்பாமல் பார்த்தேன்.

"எழுதறதோட சரி. இன்னொரு கை பாக்கெட்லயே இருக்கணும்."

25 அக்டோபர், வெள்ளி

ஆறு மணிக்குப் பாய் வீட்டுக்குப் போனேன், மனோரமா முன்பே அங்கே இருந்தாள். சிவப்புச் செடி தண்ணீரைத் தாண்டி மேலே வந்துவிட்டது. இலை ஒவ்வொன்றிலும் குமிழி. புது மீன் எது, பழைய மீன் எது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. எதிரில் உட்கார்ந்திருக்கிற இரண்டு பெண்களுக்கும் தெரிகிறது. எங்கள் வீட்டில் அவர் கொடுத்த ஆறு கிளையில் ஒன்று மிஞ்சி, விரல் நீளத்தில், செம்மண் நிறத்தில் இருக்கிறது.

பொறாமையாகத்தான் இருந்தது. போய்விடும் என்று நினைத்திருந்தேன், போகவில்லை.

சொட்டு மருந்தை விட்டுக் குழாயை ஆட்டினேன். மஞ்சள். நிற அட்டையோடு வைத்துப் பார்த்தேன். மறுபடி ஒரு முறை பார்த்தேன். நோட்டில் தேதி போட்டு 6.1 என்று எழுதினேன். பக்கத்தில் வேறொன்றும் எழுதவில்லை. குழாயைக் கழுவிப் பெட்டியை மூடினேன்.

"இன்னா சார், பாஸா பெயிலா?" என்றார் பாய், ஈஸி சேரிலிருந்து.

"மீனைக் கேளுங்க" என்றேன்.

மனோரமா திரும்பிப் பார்த்தாள். "நீங்க போங்க, நான் அப்புறமா வர்றேன்" என்றாள்.

வந்து அரிசி களைந்து குக்கர் வைத்தேன். ஏழரை ஆகிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு பேரும் எதற்கோ சிரிக்கிறார்கள். ரசத்துக்குப் புளி எங்கே வைத்திருக்கிறாள் என்று தெரியவில்லை. கூப்பிட்டுக் கேட்கலாம். நானே தேடிக்கொள்கிறேன்.